குளிக்கப் போனவனும் மலைக்குப் போனவன்தான்

தமிழில் மலை எழுத்தே கிடையாது என்பது, படித்தவர்கள் கூடும் இடங்களில் யாரும் மறுக்காமல் ஒப்புக்கொள்ளும் கருத்துகளில் ஒன்று. ஆல்ப்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாக இருக்கிறது, இமயத்தைப் பற்றி வங்காளத்தில் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலேயே குடியிருக்கும் நமக்கு ஒன்றுமில்லை என்பார்கள். காரணமும் கையோடு வைத்திருப்பார்கள். தமிழன் சாமி கும்பிட மலைக்குப் போனான், மூலிகை பறிக்கப் போனான், குளிக்கப் போனான்; மலையை மலைக்காகவே நடந்து பார்த்து எழுதுவதை வெள்ளைக்காரன் வந்துதான் சொல்லிக்கொடுத்தான். இதற்குச் சான்று கேட்டால் உடனே சுட்டப்படும் ஊர் குற்றாலம். சாரல் தொடங்கியதும் வேன் பிடித்து வருகிறார்கள், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் தலையைக் கொடுக்கிறார்கள், பார்டர் கடையில் புரோட்டாவும் கோழியும் தின்கிறார்கள், ஒரு பை மங்குஸ்தானோடு ஊர் திரும்புகிறார்கள். மலையை நிமிர்ந்துகூடப் பார்க்காத இந்தக் கூட்டத்திலிருந்து என்ன மலை இலக்கியம் வந்துவிடும்?

கேலியோடு நின்றால் தென்காசிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். எங்களுக்கு இது பழக்கம். ஆனால் இது ஒரு நம்பிக்கையாக ஊன்றிப்போய், எதை மலை எழுத்து என்று அச்சில் ஏற்றுவது, எதை ஆன்மிகம், சுற்றுலா, நாட்டுப்புறவியல் என்று வேறு அறைக்கு அனுப்புவது என்பதுவரை தீர்மானிக்கிறது. அதனால் மறுக்க வேண்டியிருக்கிறது.

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாத்தை நம்மில் பலர் தேர்வுக்காகத் தெரிந்துகொண்டோம். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன், அடிகள் 583, மதிப்பெண் ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது? ஒரு கூத்தர் கூட்டம், இசைக்கருவிகளைப் பையில் கட்டிச் சுமந்துகொண்டு, பெண்டு பிள்ளைகளோடு, செங்கம் பக்கத்து மலைக்காட்டைக் கடந்து நன்னனிடம் போக வேண்டும். ஏற்கெனவே போய்த் திரும்பிய ஒருவன் அவர்களுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும், பார்த்துக் கால் வை என்கிறான். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ என்கிறான். பாம்பு கிடக்கும் குழிகளைச் சொல்கிறான். பாசி படிந்து வழுக்கும் சுனைக்கரையில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்று சொல்கிறான். இருட்டிவிட்டால் மேலே நடக்காமல் குகையில் தங்கச் சொல்கிறான். வழி தவறினால் அலையாதீர்கள், அகலமான பாறையில் ஏறி உங்கள் கருவிகளை முழக்குங்கள், காட்டுக்காரர்கள் கேட்டு வந்து கூட்டிப்போவார்கள் என்கிறான். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருபவர்களுக்காகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான்.

இன்று எந்த மலையேற்றச் சங்கத்தின் கையேட்டை எடுத்தாலும் முதல் பக்கங்களில் இருப்பது இதுதான். இருட்டும் முன் தங்குமிடம் பார். தொலைந்தால் நின்ற இடத்தில் நின்று ஓசை எழுப்பு. பாதையில் அடையாளம் வை. கையேட்டில் இல்லாத ஒன்றும் இந்தப் பாட்டில் உண்டு. வழி சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்று, மலையில் கேட்கும் ஓசைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறான். அருவி விழும் சத்தம், தேனெடுப்பவர்களின் ஆரவாரம், பெண்கள் தினை குற்றும் பாட்டு, யானையின் பிளிறல் என்று அது அடி அடியாக நீள்கிறது. காதால் மலையை இப்படிப் பதிந்த பக்கங்கள் பிற மொழிகளிலும் எளிதில் கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு வரும். அது பரிசிலுக்குப் பாடிய பாட்டு, புரவலனைப் புகழ மலை ஒரு சாக்கு என்பார்கள். இருக்கட்டும். 1953இல் எவரெஸ்ட் ஏறிய செய்தியை லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் முன்பணம் கொடுத்துத் தனக்கென்று வாங்கி வைத்திருந்தது. தன் நிருபரையும் மலைக்கு அனுப்பியிருந்தது. அதனால் அந்தப் பயணம் பொய்யாகிவிடவில்லை. மலைக்குப் போக எல்லா நாட்டிலும் எவனாவது செலவு செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே நன்னன், அங்கே நாளிதழ்.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கனமானது. மலை எழுத்துக்கு ‘நான்’ வேண்டும், தன் காலால் நடந்தவனின் தன் அனுபவம் வேண்டும் என்பது அது. ஐரோப்பியர்கள் இதற்குத் தொடக்கமாகப் பெட்ரார்க்கைச் சொல்வார்கள். 1336இல் தெற்கு பிரான்சின் வென்டூ மலையை ஏறியதை ஒரு கடிதமாக எழுதியவர். நல்லது. மலைபடுகடாம் எடுத்துக்கொண்ட ஆற்றுப்படை என்னும் வடிவமோ ‘போய்வந்தவன்’ இல்லாமல் நிற்கவே முடியாத வடிவம். நான் நடந்தேன், இன்னின்னதைக் கண்டேன், இனி நீ நட என்பதுதான் அதன் எலும்புக்கூடு. பெட்ரார்க் ஏறி முடித்ததும் தன் உள்ளத்தை நோக்கித் திரும்புகிறார். நம்முடைய கூத்தன் எதிரில் நிற்கும் பசித்த கூட்டத்தை நோக்கித் திரும்புகிறான். இரண்டும் ‘நான்’தான், முகம் வைத்திருக்கும் திசைதான் வேறு. ஒன்றை மட்டும் மலை எழுத்து என்று பெயரிட்டு மற்றதைப் புலவர் வகுப்புக்கு அனுப்புவது என்ன நியாயம்?

சாமி கும்பிடப் போனவன் கணக்கில் வரமாட்டான் என்ற வாதத்தை நீட்டிப் பேச வேண்டியதில்லை. வங்காளத்தின் இமய எழுத்து பத்ரி, கேதார யாத்திரைப் பாதையில் பிறந்தது. குஜராத்தியில் காகா காலேல்கர் எழுதிய புகழ்பெற்ற இமயப் பயணமும் அந்த வழியில் போனதுதான். அங்கே யாத்திரிகன் மலை எழுத்தாளன், இங்கே மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் இரவோடிரவாக ஏறி இறங்குபவன் வெறும் பக்தன் என்றால், குறை நடந்தவனிடம் இல்லை. சதுரகிரிக்கு நடப்பவர்களிடம் வழியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் ஓடை திடீரென்று பெருகும் என்பதுதான் முதலில் வரும்.

இனி குற்றாலத்துக்கு வருகிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். அந்நூலில் நமக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட குரங்குப் பாட்டு ஒன்றுதான். தமிழ்நாட்டில் பத்தாவது தாண்டிய எவரையும் நிறுத்திக் கேட்டால் முதல் இரண்டு வரி சொல்வார். மூன்றாவதில் குரங்கு போலவே தாவிவிடுவார். நூலின் மலை அந்த ஒரு பாட்டோடு முடியவில்லை. குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள், பிறகு தன் நாட்டை, தன் சாதியை, தன் தொழிலை, குறி சொல்லிக்கொண்டு போன தேசங்களை, அங்கே வாங்கிய பரிசுகளை. ஊர் ஊராகத் தனியே நடந்தவள் அவள். அவளைத் தேடிவரும் சிங்கன் பறவை பிடிப்பவன். அவன் வாயிலாகக் கோயிலைச் சுற்றிய வயலும் குளமும் அவற்றில் இறங்கும் பறவைகளும் பெயர் பெயராக வருகின்றன. மலையிலிருந்து இறங்கிய நீர் எங்கெல்லாம் தேங்கி, எந்தப் பறவையைக் கூப்பிடுகிறது என்பதன் பட்டியல் என்று அதைப் படிக்கலாம். ஏன் யாரும் அப்படிப் படிப்பதில்லை என்றால், அதைச் சிற்றிலக்கியம் என்ற பெட்டிக்குள் போட்டு மூடியாகிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லண்டனில் 1857இல் தொடங்கிய ஆல்பைன் சங்கம் 1970கள் வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. நம் மேலகரத்துக் கவிராயரோ மலையைச் சொல்லும் வாயைப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்.

கொடுத்தாரா? இந்த இடத்தில் எதிர்த்தரப்பு விழித்துக்கொண்டிருந்தால் என்னைப் பிடித்துவிடலாம். குறத்தியின் பேச்சை எழுதியவர் சமவெளியில் கோயில் சார்ந்து வாழ்ந்த ஒரு புலவர். உண்மையில் அந்தக் காட்டை அறிந்தவர்கள் வேறு. இந்தப் பக்கத்து மலைகளில் தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த பளியர்கள், தெற்கே பாபநாசத்துக்கு மேலே இருக்கும் காணிகள். அவர்கள் பேச்சு ஏட்டில் ஏறவில்லை. கூடையும் பாசிமணியுமாக மேடையேறிய குறத்தி அழகியவள்தான், ஆனால் அவள் அரங்கேறிய காலத்தில் மலைமேல் தேனடையை நோக்கிக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தக் குற்றச்சாட்டை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தமிழில் மலை எழுத்து இல்லை’ என்பவர்கள் சொல்லும் குற்றம் இதுவன்று. அவர்கள் ஏங்குவது பளியரின் புத்தகத்துக்காக இல்லை. கயிறும் கோடரியும் பனியும் உள்ள புத்தகத்துக்காக.

வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தான் என்பதை அவன் குற்றாலத்தில் என்ன செய்தான் என்பதை வைத்தே பார்த்துவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த அடிவாரத்தின் ஈரத்தைப் பார்த்துவிட்டு ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்தார்கள். அதிகாரிகள் பங்களா கட்டிக்கொண்டு, தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் வந்து தங்கினார்கள். எதற்கு? காற்று வாங்க, அருவியில் குளிக்க! திருவிதாங்கூர் அரச குடும்பம் அரண்மனை கட்டியதும் இதற்குத்தான். கலெக்டர் குளித்தால் அது உடல்நல ஓய்வு, கடையநல்லூர்க்காரர் குளித்தால் அது மலையை அறியாமை.

அவர்களில் மலையை மெய்யாகவே பார்த்தவர் ஒருவர் உண்டு, ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட். 1830களில் குற்றால மலைகளில் செடி கொடிகளைத் திரட்டியவர். அவருடைய ‘ஐகோனஸ்’ என்ற பெருந்தொகுப்பு 1838 முதல் 1853 வரை வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அந்தச் செடிகளை வரைந்தவர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களின் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. மரத்தில் ஏறிப் பூவோடு கொம்பை ஒடித்துக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பெயர் பிழைக்கவில்லை. தென்னிந்திய மலைகளைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று இது. இதில் உச்சி ஏறிய பெருமிதம் ஒரு வரிகூடக் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் கோளாறு உச்சியில்தான் இருக்கிறது. மலை எழுத்து என்றால் உச்சிக்குப் போவது, அங்கே நிற்பது, உயிரோடு இறங்குவது, அதைச் சொல்வது என்று ஓர் அளவுகோல் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வசதியுள்ள ஆண்களிடம் உருவானது. எட்வர்டு விம்பர் 1865இல் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் உச்சியை ஆறு பேரோடு தொட்டார். இறங்கும்போது நால்வர் விழுந்து செத்தார்கள். அந்தக் கதை அவர்கள் மலை எழுத்துக்கு ஒரு வார்ப்பாகவே ஆகிவிட்டது. அந்த அளவுகோலைக் குற்றாலத்துத் திரிகூடமலைமேல் வைத்தால் பாவம், ஒன்றும் தேறாது. தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். நமக்குத் தெற்கே இருக்கும் அகத்தியமலை 1,868. எங்கள் குற்றால மலையின் உயரத்தை எந்தப் பள்ளிப் புத்தகமும் கேட்டதில்லை.

அந்த அளவுகோலை ஆங்கிலத்தில் எழுதுபவர்களே கீழே வைத்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. நேன் ஷெப்பர்டு என்ற ஸ்காட்லாந்துப் பெண் தன் ஊர்ப் பக்கத்துக் கேர்ன்கார்ம் மலைகளில் ஆயுள் முழுக்க நடந்தவர். 1940களில் ஒரு சிறு புத்தகம் எழுதினார், ‘உயிருள்ள மலை’ என்று பொருள்படும் தலைப்பு. பதிப்பாளர் கிடைக்காமல் பெட்டிக்குள் கிடந்து 1977இல்தான் அச்சேறியது. உச்சியை நோக்கி ஓடும் நடையைத் தான் கைவிட்டுவிட்ட கதையை அதில் சொல்கிறார். நீர், பாறை, பனி, செடி, உறக்கம் என்று மலையின் உள்ளுக்குள் போகிறார். இன்று ஆங்கிலத்தில் மலை எழுத்தின் சிகரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். நாம் இன்னும் விம்பரின் கயிற்றைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம்.

குற்றால மலையை அதன் உயரத்தால் அளப்பது வீண் என்றால், எதனால் அறிவது? நீரால்தான். எங்கள் ஊர் மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. முறைப்படி ஆடியில் காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாயாகத் திறக்கிறது. 1904இல் கொல்லம் ரயில் பாதை நுழைந்துபோனதும் அந்த வழியில்தான். கேரளத்தில் கொட்டித் தீர்த்த காற்று அந்தத் திறப்பின் வழியே ஈரத்தோடு நுழைந்து எங்கள்மேல் பொடித் தூறலாகச் சிதறுகிறது. இதுதான் சாரல். வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் முகத்தில் படும். காற்று கொஞ்சம் திசை மாறினால் ‘சீசன் டல்’. தென்காசிச் சந்தையில் வெண்டைக்காய் விற்பவருக்கும் மேற்கே பார்த்துவிட்டு இன்று அருவியில் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தெரியும்.

அருவிகளும் ஒன்றல்ல. மெயினருவிக்கு மேலே செண்பகாதேவி, அதற்கும் மேலே தேனருவி. அந்தக் காட்டில் பெய்தது சிற்றாறாக இறங்கி, பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து எழும்பி, பிறகுதான் நம் தலைமேல் விழுகிறது. பழைய குற்றாலத்து நீர் வேறு சரிவிலிருந்து வந்து அழுதகண்ணியாறாகப் போகிறது. ஒரு சரிவில் கொட்டும்போது மற்றதில் வெயிலடிக்கலாம். எல்லாமாகச் சேர்ந்த சிற்றாறு கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. மெயினருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். உள்ளூரில் அதற்கு ஆர்ச் என்று பெயர். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. மேலே மலை என்ன நிலையில் இருக்கிறது என்பதைக் கீழே நிற்பவர்கள் படிக்கும் அளவுகோல் அது. மலையை நிமிர்ந்து பார்க்காத கூட்டம் என்கிறீர்களே, அந்தக் கூட்டம் பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அந்த ஆர்ச்சைத்தான்.

இப்போது ஏன் எனக்கு இவ்வளவு கோபம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024 மே 17. பருவமழை இன்னும் முறையாகத் தொடங்கவில்லை, கோடை மழை. பழைய குற்றாலத்தில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மேலே பெய்த மழையின் வெள்ளம் திடீரென்று இறங்கியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அவன் சிகரம் எதையும் ஏறவில்லை, கயிற்றில் தொங்கவில்லை. குடும்பத்தோடு குளிக்க வந்தவன். ஆனால் அவனைக் கொண்டுபோனது மலை. அருவியின் அடியில் நிற்பவன் மலைக்கு வெளியே நிற்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அந்த நினைப்புக்கு இலக்கிய வடிவம்தான் ‘குளிக்கப் போனவன் மலைக்குப் போனவன் அல்லன்’ என்ற பிரிவினை. மலை ஆபத்தானது என்ற எழுத்தெல்லாம் ஏறுபவனுக்கு. குளிப்பவனுக்குக் கிடைப்பது எந்த அருவி அழகு, எங்கே புரோட்டா நன்றாக இருக்கும் என்பது. சரிவு எது, நீர்ப்பிடிப்பு எது, மேலே கறுத்தால் கீழே எவ்வளவு நேரத்தில் வரும், நீரின் நிறம் மாறி இலையும் சுள்ளியும் வந்தால் என்ன பொருள் என்பதை எழுதுவது மலை எழுத்தில்லை என்று யார் சொன்னது? மலைபடுகடாத்தின் கூத்தன் எழுதியிருந்தால் இதைத்தான் முதலில் எழுதியிருப்பான்.

இது புதிய துயரமும் அல்ல. 1925 ஜூனில் வ.வே.சு. ஐயர் இறந்தது எங்கே? சேரன்மாதேவி குருகுலத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாபநாசம் மலைக்குப் போன இடத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து மகளோடு சேர்ந்து போனார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, லண்டனிலும் பாண்டிச்சேரியிலும் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பியவர், ஒரு மலைச் சுற்றுலாவில் முடிந்தார். அவருடைய அரசியலையும் குருகுலத்தின் சாதி பிரித்த சாப்பாட்டுப் பந்தியையும் பற்றி நூறு ஆண்டுகளாக விவாதிக்கிறோம்; விவாதிக்க வேண்டியதுதான். அந்த அருவியைப் பற்றி, அந்த நீரைப் பற்றி நம் இலக்கிய உலகம் பேசியது எவ்வளவு? இங்கிலாந்தில் மேட்டர்ஹார்னில் செத்த நால்வரைப் பற்றி இன்றும் நூல் வருகிறது.

ஏறுபவர்கள் பக்கத்திலும் கதை வேறில்லை. 2018 மார்ச் 11 அன்று போடிப் பக்கத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர் எனத் தொலைவிலிருந்து வந்த, பெரும்பாலும் இளம் வயதினர். மார்ச் மாதத்தில் காய்ந்த போதைப்புல் சரிவு எப்படிப் பற்றும், காற்று ஏறினால் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்பது போடிப் பக்கம் மாடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. மலையேற வந்தவர்கள் படித்துவிட்டு வந்த எழுத்தில் அது இருந்திருக்காது. மேகம், தேயிலை, சூரிய உதயம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது. 2024இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் நாற்பது பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. உடனே ஒரு முணுமுணுப்பு: அனுமதிச்சீட்டு வாங்கி நடப்பதெல்லாம் ஒரு நடையா, சுதந்திரம் போனால் எழுத்து எங்கிருந்து வரும்? செண்பகாதேவிக்குப் போகும் காட்டுப் பாதை நினைத்தபோதெல்லாம் திறப்பதில்லை; சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கோயிலுக்குப் போக மட்டும் விடுவது வழக்கமாக இருந்துவந்தது. அந்த ஒரு நாளில் பூசைச் சாமானும் பிள்ளையுமாக நடந்தவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லும் கதைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வாசல் எத்தனை நாள் திறந்திருந்தது என்பதற்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை என்று. வனத்துறையோடு சண்டை போட வேறு காரணங்கள் உண்டு. காட்டில் காலங்காலமாக இருந்தவர்களின் நடமாட்டத்தையே கட்டுப்படுத்திவிட்டு வாரக்கடைசி நடையர்களுக்குப் பாதை திறப்பது அவற்றில் முதலாவது. நம் பயணக் கட்டுரையாளர்கள் அந்தச் சண்டையைப் போடக் காணோம்.

இன்று தமிழில் மலையேற்றம் பற்றி எழுதும் இளைஞர்கள் பலர் கால் வலுவுள்ளவர்கள், ஆர்வமுள்ளவர்கள். அவர்களைக் கெடுப்பது அவர்கள் கைக்கு வரும் வார்ப்புத்தான். ‘யாரும் அறியாத சொர்க்கம்’ என்று தொடங்குகிறார்கள்; அங்கே மூன்று தலைமுறையாக ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். ‘மலையை வென்றோம்’ என்று முடிக்கிறார்கள். அரிசியும் பாத்திரமும் சுமந்து முன்னால் போய் அடுப்பு மூட்டியவர் ‘உள்ளூர் அண்ணன் ஒருவர்’ என்று ஒரு வரியில் வந்து போகிறார். எந்த மரத்துப் பெயரும் இல்லை, ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது இல்லை. மூச்சு வாங்கியது மட்டும் நான்கு பத்தி. இதை நான் உடல்நலக் குறிப்பு என்பேன், மலை எழுத்து என்று சொல்லமாட்டேன்.

ஏறாமல் ஓரிடத்தில் இருந்தே ருசித்தவர்களும் இங்கே உண்டு. இலக்கியச் சுவைஞரான ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தவர். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். அவருடைய வட்டத்தில் குற்றாலம் என்றால் அருவியும் சாரலும் கம்பனும் தோசையும்தான். அவர்களை மலையேறிகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரே சாரலை வருஷா வருஷம், ஒரே இடத்தில் இருந்துகொண்டு ருசித்துச் சொல்லும் பழக்கம் இந்த ஊரில் அவர்களால் படித்தவர்களிடையே ஒரு மதிப்பைப் பெற்றது. அதற்கு மேல் அவர்கள் போகவில்லை. அருவி எங்கிருந்து வருகிறது என்று ஏறிப் பார்த்தவர்களோடு அந்த வட்டத்தின் பேச்சு சேரவேயில்லை. குறவஞ்சியில் விட்டுப்போன ஆளே இங்கும் விட்டுப்போனார்.

ஆகவே தமிழில் இல்லாத மலைப் புத்தகம் ஒன்று உண்டு என்பதில் எனக்கும் உடன்பாடுதான். எது என்பதில்தான் சண்டை. சிற்றாறு தொடங்கும் சரிவிலிருந்து சீவலப்பேரி வரை, எந்த மாதம் எங்கே என்ன நீர், எந்தப் பாறையில் தேன், எந்தப் பாதை யானையுடையது, எந்த இடத்தில் முன்னோர் யார் செத்தார்கள் என்று சொல்லும் புத்தகம். அதை எழுதத் தெரிந்தவர்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பளியர் குடியிருப்புகளிலும், தினக்கூலிக்குக் காடு சுற்றும் வேட்டைத் தடுப்புக் காவலர்களிடையிலும், அருவிக்கரையில் விசில் ஊதும் பணியாளர்களிடையிலும் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் போய் உட்கார்ந்து கேட்டு, எழுதி, படித்துக்காட்டி, திருத்தி வாங்க வேண்டும். அச்சாகும்போது அட்டையில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘தகவல் உதவி’ என்று போடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.